சின்னப் பிள்ளைகளுக்குக் குரங்குகளைப் பற்றி: கேள்வி பதில்

முன்பள்ளி ஆசிரியை, உவர்மலை: நான்கு வயதினருக்கு எதிலிருந்து தொடங்குவது?

அவர்கள் கண்டதிலிருந்து தொடங்குங்கள். இலங்கையில் மூன்று வகைக் குரங்குகள் உள்ளன. உச்சந்தலையில் தொப்பி கவிழ்த்தாற்போல் மயிர் பரந்திருப்பது செங்குரங்கு. அது இத்தீவைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வாழ்வதில்லை. கரிய முகமும் நீண்ட வாலும் உடையது சாம்பல் மந்தி. மூன்றாவதான ஊதா முக மந்தியும் நம் தீவுக்கே உரியது. செங்குரங்கின் கன்னங்களுக்குள் பைகள் இருப்பதால், அகப்பட்ட பழத்தை அவசரமாக அவற்றில் அடக்கிக்கொண்டு, பத்திரமான கிளைக்குச் சென்று ஆறுதலாகத் தின்னும். மந்திகளுக்கு அப்பைகள் இல்லை; அவை பெரிதும் இலை தின்பவை, பல அறைகளுள்ள அவற்றின் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்களே இலையைச் செரிக்க உதவுகின்றன. பிள்ளைகளைக் கன்னத்தை உப்பிக் காட்டச் சொல்லுங்கள். வேறுபாடு மனத்தில் நிற்கும்.

ஒரு தாய், நிலாவெளி: பல்லைக் காட்டினால் குரங்கு சிரிக்கிறதா?

இல்லை. உதட்டைப் பின்னிழுத்துப் பல்லைக் காட்டும் செங்குரங்கு பெரும்பாலும் அஞ்சுகிறது அல்லது பணிகிறது. வாயைத் திறந்து முறைத்தால் மிரட்டுகிறது. கண்ணோடு கண் நோக்காமல், ஓடாமல், மெல்லப் பின்வாங்கப் பிள்ளையைப் பழக்குங்கள். கையில் தின்பண்டம் வேண்டாம்.

ஒரு தந்தை, மூதூர்: தேவாங்கு குட்டிக் குரங்கா?

அன்று, இரவில் நடமாடும் தூரத்து உறவு.

ஒரு பாட்டனார், பாலையூற்று: கோணேசர் கோயிலில் பேரன் கையால் வாழைப்பழம் கொடுப்பது புண்ணியமல்லவா?

ஒரு விவசாயி, சாம்பல்தீவு: அவருக்குப் புண்ணியம், எனக்குத் தென்னங்குரும்பை நட்டம். 2023இல் பேசியபடி சீனாவுக்கு அனுப்பியிருக்க வேண்டும்.

இருவருக்கும் ஒரே விடைதான்: குரங்குக்கு உணவு கொடுக்காதீர்கள். ஒரு இலட்சம் செங்குரங்குகளை அனுப்பும் அந்த யோசனை எதிர்ப்பினாலும் வழக்கினாலும் கைவிடப்பட்டது. அனுப்பியிருந்தாலும், எளிதில் உணவு கிடைக்கும் இடத்தில் எஞ்சியவை மீண்டும் பெருகியிருக்கும். ஐயா, உங்கள் பழத்தில் பழகிய கூட்டம் மனிதக் கையை உணவென்றே எண்ணும். நாளை வெறுங்கையோடு வரும் வேறொரு பிள்ளையின் கையைத்தான் அது பற்றிக் கடிக்கும். கடித்தாலோ கீறினாலோ, காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடங்கள் கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். விசர்நாய்க்கடி நோய் குரங்காலும் பரவக்கூடும்.

பாட்டனார், மீண்டும்: அனுமன் வழிவந்தவை பட்டினி கிடப்பதா?

காட்டில் அத்தியும் பாலைப்பழமும் உள்ளன, ஐயா. புண்ணியத்துக்குப் பேரனைக் கொண்டு ஓர் அத்தி நடுவியுங்கள். கோயில் வாசலில் அன்று, காட்டோரத்தில்.

ஒரு தாய், கிண்ணியா: பிஸ்கட் மட்டும் கொடுக்கலாமா?

மேலே உள்ளதைப் படியுங்கள்.

இன்னொருவர், கிண்ணியா: நிலக்கடலை?

பிஸ்கட்டுக்குச் சொன்னதே.