தந்தையை இழந்த துக்கத்தில் சந்தோஷப்பட முடியாதது விசுவாசக் குறைவா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் வசிக்கும் நீங்கள், தந்தையார் மறைந்தபின் ஆராதனைப் பாடல்களில் மனம் ஒட்டவில்லை என்றும், இது விசுவாசக் குறைவா என்றும் கேட்டிருக்கிறீர்கள். குறைவன்று என்றே உறுதியாகக் கருதுகிறேன்.

எப்பொழுதும் சந்தோஷமாயிருக்கும்படி பவுல் பிலிப்பியருக்கு எழுதியது நம் சபைகளில் அடிக்கடி வாசிக்கப்படுகிறது; ஆனால் அதை அவர் காவலில் கட்டுண்டிருந்தபோது எழுதினார் என்பதையும், நோயுற்ற தம் உடன் ஊழியன் எப்பாப்பிரோதீத்து பிழைத்திராவிட்டால் தமக்குத் துக்கத்தின்மேல் துக்கம் உண்டாகியிருக்கும் என்று அதே நிருபத்தில் மறைக்காமல் சொல்கிறார் என்பதையும் நாம் கவனிப்பதில்லை. கிரேக்கத்தில் சந்தோஷத்தைக் குறிக்கும் 'காரா'வும் கிருபையைக் குறிக்கும் 'காரிஸ்'ஸும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை. கலாத்தியர் நிருபம் சந்தோஷத்தை ஆவியின் கனியாகச் சொல்வதும் இதனோடு இசைகிறது. அது நாம் முயன்று வரவழைக்கும் உற்சாகமன்று, பெற்றுக்கொள்ளும் ஒன்று.

1860இல் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பலில், டர்பன் அமைந்துள்ள நேட்டாலுக்கு வந்த ஒப்பந்தத் தொழிலாளருள் கிறிஸ்தவர்களும் இருந்தனர். ஊரையும் உறவையும் விட்டு வந்த அவர்களுடைய விசுவாசத்தை முகமலர்ச்சியைக் கொண்டு அளக்க எனக்குத் துணிவில்லை.

மரித்த தம் நண்பன் லாசருவை உயிரோடு எழுப்பப்போவதை அறிந்திருந்தும் இயேசு கண்ணீர் விட்டார். ஆகையால் ஞாயிற்றுக்கிழமை பாட முடியாவிட்டால் அமைதியாக உட்கார்ந்திருங்கள். அருகில் இருப்பவர்கள் உங்களுக்காகவும் பாடட்டும்.