அப்பாயி கேட்ட கேள்வி

அன்புள்ள டீச்சருக்கு,

நான் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறேன். எங்கள் மேல் டிவிசன் பிள்ளைகள் சாதாரண தரம் படிக்கக் கீழே டவுனுக்கு ஏழு கிலோமீட்டர் நடந்து போகிறார்கள், திரும்ப ஏழு கிலோமீட்டர் ஏறி வருகிறார்கள். மழைக்காலம் வந்தால் பாதிப்பேர் நின்றுவிடுகிறார்கள். அவர்களுக்கு ஒரு வேன் வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று ஆசை. அதற்காக நானும் இரண்டு கூட்டாளிகளும் இலங்கையின் கடலோரத்தை முழுவதுமாக நடந்து சுற்றிக் காசு சேர்க்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். வீட்டில் சொன்னபோது அப்பாயி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “நான் நாப்பது வருசம் கூடையத் தூக்கிக்கிட்டு மலை ஏறி எறங்கினேன், எனக்கு எவன் காசு குடுத்தான்?” பதில் சொல்லத் தெரியவில்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. வில்பத்து, யால வனப்பூங்காக்கள் வழியாக நடக்க விடமாட்டார்கள் என்கிறார்கள். அந்தத் துண்டைப் பஸ்ஸில் போய்விட்டு நாட்டைச் சுற்றி நடந்தோம் என்று சொல்வது பொய்தானே? நீங்கள் கதிர்காமப் பாதயாத்திரை போனதைப் பற்றி எழுதியிருந்தீர்கள், அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். பெயர் போட வேண்டாம்.

மஸ்கெலியாவிலிருந்து ஒரு வாசகர்

*

அன்புள்ள தம்பி,

முதலில் அப்பாயிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். உங்கள் கடிதத்திலேயே உருப்படியான வரி அவருடையதுதான்.

அவர் சொல்வது கணக்குப்படியும் சரி. நம் ஆட்கள் ஏறிய மலைக்கு யாரும் காசு கொடுத்ததில்லை, தேயிலைக் கொழுந்தின் நிறைக்குத்தான் கொடுத்தார்கள். எந்தத் தொங்கல் வரைக்கும் ஏறினாய், எத்தனை தரம் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு இறங்கினாய் என்று எந்தக் கணக்கப்பிள்ளையும் கேட்டதில்லை, நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம், போட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார். 1,000 ரூபாய் நாள் சம்பளம் 2021இல்தான் வர்த்தமானியில் வந்தது, அதுவும் எத்தனை வருசம் கத்திய பிறகு. அப்படி வாழ்ந்த ஒருவரிடம் போய் ‘நான் நடக்கப் போகிறேன், சனங்கள் காசு தருவார்கள்’ என்றால் அவருக்குச் சிரிப்பு வராதா?

ஆனால் உங்கள் நடைக்கும் யாரும் காசு தரப்போவதில்லை, தம்பி. ஏழு கிலோமீட்டர் நடக்கும் அந்தப் பிள்ளைக்குத்தான் தருவார்கள். நீங்கள் அவளுக்காகக் கால் முளைத்த ஒரு விளம்பரப் பலகை, அவ்வளவுதான். இதை அப்பாயியிடம் இப்படியே சொல்லிப் பாருங்கள், அவர் ஒத்துக்கொள்வார் என்றுதான் நினைக்கிறேன்.

வெளிநாட்டுக்காரர் விளையாட்டு என்று யாராவது சொன்னால் அதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். 2011இல் ‘டிரெயில்’ என்ற பெயரில் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரைக்கும் 27 நாளில் ஏறக்குறைய 670 கிலோமீட்டர் நடந்தார்கள். அந்தக் காசு தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போனது. 2016இல் அதே தூரத்தைத் தலைகீழாக, பருத்தித்துறையிலிருந்து தெற்கே நடந்தார்கள், அது காலி கராப்பிட்டிய வைத்தியசாலைக்காக. வடக்கு வைத்தியசாலைக்குத் தெற்கிலிருந்தும் தெற்கு வைத்தியசாலைக்கு வடக்கிலிருந்தும் கிளம்பியது எனக்கு இன்றைக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் அவர்களுக்குப் பின்னால் பெரிய ஆட்கள், பெரிய கம்பனிகள் எல்லாம் இருந்தார்கள். உங்களுக்கு இருப்பது இரண்டு கூட்டாளிகளும் ஒரு போனும். அதனால் அவர்களுடைய அளவில் யோசிக்காதீர்கள்.

இப்போது வழியைப் பார்ப்போம். கரையோரம் 1,340 கிலோமீட்டர் என்று நாம் எல்லாரும் பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறோம். நாளுக்கு 25 என்றால் 54 நாள் என்று கணக்கு வாத்தியாராகிய நீங்கள் இதற்குள் வகுத்துப் பார்த்திருப்பீர்கள். அப்படி நடக்காது. களப்புகள் குறுக்கே வரும், முகத்துவாரங்களில் தோணிக்காரரைக் கெஞ்ச வேண்டிவரும், படை முகாம்களைச் சுற்றிக்கொண்டு போக வேண்டிவரும். (மட்டக்களப்புப் பக்கம் ‘பாதையில் போங்கள்’ என்று யாராவது சொன்னால் ரோட்டைத் தேடாதீர்கள். குருமண்வெளியிலிருந்து மண்டூருக்குப் போக வாவியில் ஆளையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு போகிற மிதவைக்கு அங்கே பாதை என்றுதான் பெயர். நான் கால்மணி நேரம் ரோட்டைத் தேடியவள்.) கொப்புளத்துக்கும் காய்ச்சலுக்கும் நாள் ஒதுக்கினால் எழுபது நாள் ஆகும்.

எழுபது நாள் என்றால் இரண்டேகால் மாதம். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக வேண்டும் என்பதற்காகக் கணக்கு வாத்தியார் இரண்டேகால் மாதம் பள்ளிக்கூடம் வராமல் இருக்கப் போகிறாரா? உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன், இதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. ஒரே மூச்சில் நடந்தால்தான் பெருமை என்று யாரோ உங்கள் காதில் போட்டிருக்கிறார்கள். துண்டு துண்டாக நடங்கள். தவணைத் தேதிகள் இப்போது மாறிக்கொண்டே இருந்தாலும் ஓகஸ்ட், டிசம்பர், ஏப்ரல் என்று மூன்று விடுமுறை எப்படியும் வரும், அது காலநிலைக்கும் பொருந்துகிறது. ஓகஸ்டில் நமக்கு இங்கே மழை பிடித்திருக்கும்போது கிழக்குக் கரை காய்ந்து கிடக்கும். டிசம்பரில் வாடைக்காற்று மழை அந்தப் பக்கம் போய்விடும், அப்போது தெற்கும் மேற்கும் நடக்கலாம். மிச்சமிருக்கும் வடக்குக்கு ஏப்ரல். வெயில் உச்சிக்கு நேராக நிற்கிற மாதம் அது, விடிய நான்கு மணிக்குக் கிளம்பிப் பத்து மணிக்கு ஒரு மரத்தடியைப் பிடித்துவிட வேண்டும்.

யால பற்றி. கதிர்காமக் கொடியேற்றத்தை ஒட்டிச் சில நாட்களுக்கு மட்டும் உகந்தையில் காட்டுப் பாதையை யாத்திரிகர்களுக்குத் திறந்துவிடுவார்கள். நான் போனது அப்படித்தான், பொத்துவிலில் சேர்ந்துகொண்டு உகந்தை, குமண, கும்புக்கன் ஆறு, யால என்று. யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்தே நடந்து வருகிறவர்களும் அதில் இருந்தார்கள், அவர்களுக்கு அது ஒன்றரை மாதத்துக்கும் மேலான நடை. கடலோரமாக நாட்டின் பாதியை நடப்பது நம் சனங்களுக்குப் புதிதல்ல என்று உங்கள் கூட்டாளிகளிடம் சொல்லுங்கள்.

அந்த நடையில் எனக்கு மூன்றாம் நாளே கால் போய்விட்டது. மலைக்காரி, தினமும் ஏறி இறங்கிய கால், எனக்கென்ன என்று போனவள் நான். நம் கால் மேடு பள்ளத்துக்குப் பழகியது, அடி வைக்கிற விதம் மாறிக்கொண்டே இருக்கும். சமதரையில் ஒரே தசை, ஒரே அடி, நாள் முழுக்க. கெண்டைக்கால் முன்னெலும்பு நெருப்பாய் எரிந்தது. மணல் வேறு விரல்களுக்கிடையே அரைத்து அரைத்துத் தோல் உரிந்துவிட்டது. பக்கத்தில் வந்த கல்முனைப் பக்கத்து ஆச்சி ஒருவர், எழுபது வயதிருக்கும், வார் அறுந்த பாட்டா செருப்பைக் கயிற்றால் கட்டியிருந்தார், என்னை உட்காரச் சொன்னார். தன் பழைய சேலையின் கரையை விரல் அகலத்துக்கு நீளமாகக் கிழித்தார். ஒவ்வொரு விரலுக்கும் இடையில் விட்டு விட்டு எடுத்து, கடைசியில் கணுக்காலில் ஒரு முடிச்சு. கொப்புளத்தின் தோலை மட்டும் உரிக்காதே, நீர் போனால் போகட்டும், தோல் கிடக்கட்டும் என்றார். கதிர்காமம் வரைக்கும் அந்தக் கட்டுத்தான் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. என் சப்பாத்து பையில் தொங்கிக்கொண்டு வந்தது.

அதனால் கால் விஷயத்தில் என் யோசனை இரண்டுதான். சப்பாத்தை ஒரு அளவு பெரிதாக வாங்குங்கள், பின்னேரம் ஆனால் கால் வீங்கும். ரோட்டின் ஒரே ஓரத்தில் நாள் முழுக்க நடக்க வேண்டாம், தார் ரோடு நடுவில் உயர்ந்து ஓரத்தில் சரிந்திருக்கும், ஒரு கால் எப்போதும் பள்ளத்தில் இருந்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். அப்புறம் தாகம். நம் குளிரில் வளர்ந்தவர்களுக்குத் தண்ணீர் குடிக்கிற பழக்கமே குறைவு, மன்னார் வெயிலில் அது ஆளைக் கவிழ்த்துவிடும். தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற ஜீவனி உப்புப் பக்கெட் பையில் எப்போதும் இருக்கட்டும்.

உங்களுக்கு விடுமுறையில் யால திறந்திருக்காது. திஸ்ஸ, கதிர்காமம், புத்தல, மொனராகலை, சியம்பலாண்டுவ வழியாகப் பொத்துவிலுக்குப் பஸ்ஸில் போய்விடுங்கள். கதிர்காமம் – புத்தல ரோட்டில் வாகனத்தை மறித்துச் சாப்பாடு வாங்கப் பழகிய யானைகள் நிற்கும், அங்கே நடந்து வீரம் காட்ட வேண்டாம். பஸ்ஸில் போனேன் என்று எழுதிவிட்டால் அதில் என்ன பொய்? எழுதாமல் விட்டால்தான் பொய்.

வில்பத்து வேறு மாதிரி. புத்தளத்திலிருந்து மன்னாருக்குக் கடலோரமாகப் போகும் பழைய பாதை காட்டுக்குள் போகிறது, உங்களை அங்கே நடக்க விடமாட்டார்கள். அனுராதபுரம், மதவாச்சி என்று உள்ளே சுற்றி மன்னார் போக வேண்டும். இந்தத் துண்டைப் பஸ்ஸில் போகாதீர்கள், நடங்கள் என்பேன். கடலோரம் இல்லையே என்று நீங்கள் வருத்தப்படும் அந்த மதவாச்சி – மன்னார் ரோடு நம்முடையது. கோப்பித் தோட்டக் காலத்தில் இந்தியாவிலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கியவர்கள் அந்தக் காட்டு வழியாகத்தான் தம்புள்ளை, மாத்தளை என்று மலைக்கு நடந்தார்கள், வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். உங்கள் அப்பாயியின் அப்பாயியோ அவருக்கும் முந்தியவரோ அதில் வந்திருக்கக்கூடும். 2023இல் நம் ஆட்கள் இந்த நாட்டுக்கு வந்த இருநூறு வருச நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தவர்களும் அந்த வழியில்தான் வந்தார்கள். அது காசுக்காக நடந்த நடையல்ல, நாங்களும் இந்த நாட்டுச் சனங்கள் என்று சொல்ல நடந்த நடை. ஓகஸ்டில் அவர்கள் மாத்தளைக்கு வந்து சேர்ந்தபோது கூட்டத்தில் நானும் நின்றேன். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்களைப் பார்த்தபோது கல்முனை ஆச்சியின் நினைவுதான் வந்தது.

இனிக் காசு. எனக்குப் பயம் இதில்தான்.

பல வருசத்துக்கு முன் நானும் ஒரு நடைக்குக் காசு சேர்த்தேன். ஒரு சங்கம் நடத்தியது, பெயர் எதற்கு. ஒரு முன்பள்ளிக்காக. நாலு தோட்டத்தில் வரிசை வீடுகளான லயங்களில் லயம் லயமாக ஏறி நானே பற்றுச்சீட்டு எழுதினேன். ஒரு வயதான அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு நூறு ரூபாய்த் தாளைக் கொடுத்தார், நாலாக மடித்து மடித்து வியர்வையில் துணி மாதிரி ஆகியிருந்தது. கடைசியில் கணக்குப் பார்த்தால் டீ-சேர்ட், பேனர், வான் வாடகை, முடிவு நாள் புரியாணி எல்லாம் போய் முன்பள்ளிக்குக் கிடைத்தது இரண்டு அலுமாரி. அதில் ஒன்றுக்குப் பூட்டு இல்லை. யாரும் திருடவில்லை, எல்லாம் நடைக்குத்தான் செலவானது, அதுதான் என்னை உறுத்துகிறது. அந்த அம்மா இருந்த லயத்துப் பக்கம் போக எனக்கு ரொம்ப நாள் கால் வரவில்லை.

அதனால் உங்கள் சாப்பாடு, பஸ், சப்பாத்து எல்லாம் உங்கள் சம்பளத்திலிருந்து. சேர்ந்த காசில் ஒரு சதம் தொடக்கூடாது. சாப்பாட்டுக்குப் பெரிதாகச் செலவாகாது, கரையோரத்தில் கோவில், பள்ளிவாசல், விகாரை, சேர்ச் என்று எங்கே போனாலும் நடந்து வருகிறவனைப் பட்டினி போடமாட்டார்கள். இன்னொன்று, உங்கள் பெயரில் அறக்கட்டளை எதுவும் தொடங்காதீர்கள். 2020இல் பிரித்தானியாவில் நூறு வயதை எட்டப்போகும் டொம் மூர் என்ற பழைய இராணுவக் கெப்டன் தன் வீட்டுத் தோட்டத்தில் நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நூறு சுற்று நடந்து 3 கோடிப் பவுணுக்கு மேல் சேர்த்தார், அது நேராக அந்த நாட்டுச் சுகாதார சேவைக்கான நிதிக்குப் போனது, அதில் ஒரு குறையும் இல்லை. பிறகு அவர் பெயரில் தொடங்கிய அறக்கட்டளைதான் விசாரணைக்குப் போய், 2024இல் கடுமையான அறிக்கை வந்தது. உங்கள் காசும் நேராகப் போகட்டும்: பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் வங்கிக் கணக்கு, இரண்டு கையெழுத்து, வாரா வாரம் எவ்வளவு வந்தது என்று பள்ளி வாசலில் ஒரு தாள்.

அப்புறம் அந்த வேனை மறந்துவிடுங்கள். வாகன இறக்குமதியை 2020இல் நிறுத்தி 2025இல்தான் மறுபடி திறந்தார்கள், விலையை நான் சொல்லத் தேவையில்லை. வாங்கினாலும் டிரைவர் சம்பளம், டீசல், இன்சூரன்ஸ், டயர் என்று மாதம் பிறந்தால் செலவு, அதற்கு யார் நடப்பது? உங்கள் டிவிசனிலேயே வேன் வைத்திருக்கும் ஒருவரைப் பிடித்து நாள் வாடகை பேசுங்கள். வருசத்துக்கு ஏறக்குறைய 200 பள்ளி நாள். ஒரு நாள் வாடகையை அத்தோடு பெருக்கினால் வருவதுதான் நீங்கள் சேர்க்க வேண்டிய தொகை. ‘வேன் வாங்க உதவுங்கள்’ என்பதைவிட ‘ஒரு நாள் வேனுக்கு இவ்வளவு, எத்தனை நாள் உங்களுடையது?’ என்று கேட்டால் கொடுக்கிறவருக்கும் புரியும். முதல் விடுமுறையில் சேர்ந்த காசுக்கு வேன் ஓடட்டும், கணக்கைக் காட்டிவிட்டு அடுத்த விடுமுறைக்குக் கேளுங்கள்.

லயங்களில் உண்டியல் குலுக்க வேண்டாம். ஆனால் தானாக வந்து கொடுத்தால் மறுக்காதீர்கள், அது அவமரியாதை. பத்து ரூபாய்க்கும் பற்றுச்சீட்டு எழுதுங்கள்.

என் பங்காகக் கிலோமீட்டருக்குப் பத்து ரூபாய் எழுதிக்கொள்ளுங்கள். முடித்ததும் நடந்தது எத்தனை, பஸ்ஸில் போனது எத்தனை என்று ஒரு தாளில் போட்டு அனுப்புங்கள், பஸ் தூரத்தைக் கழித்துக்கொண்டுதான் தருவேன். மதவாச்சியிலிருந்து மன்னார் வரைக்கும் மட்டும் இருபது.