கைடு பெயரை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? இளம் ஆராய்ச்சியாளர்களுக்கான கேள்வி-பதில்

சேலத்தில் 30 வருடம் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். இந்த முறை வந்த கடிதங்களில் பாதி பணத்தைப் பற்றியவை, மீதிப் பாதி கைடை, அதாவது ஆய்வு நெறியாளரைப் பற்றியவை. இரண்டையும் கலந்தே பதில் சொல்கிறேன்.

கேள்வி: பிஎச்.டி. முடித்து இரண்டு வருடம் ஆகிறது. ஓமலூர் பக்கம் ஒரு சுயநிதிக் கல்லூரியில் வேலை. ப்ராஜெக்டுக்கு எழுதிப் போட்டால், 'இது உங்கள் நெறியாளரின் வேலையின் தொடர்ச்சிதானே' என்று திருப்பிவிடுகிறார்கள். அவரிடம் கற்றதைத்தானே நான் செய்ய முடியும்?

அவரிடம் கற்ற முறைகள் உங்களுக்கே சொந்தம், அதை யாரும் குறை சொல்லப்போவதில்லை. மதிப்பீட்டாளர் தேடுவது, கேள்வி யாருடையது என்பதை.

போன வருடம் ஆத்தூரிலிருந்து ஒரு பெண் தன் ப்ரபோசலோடு, அதாவது நிதி கேட்டு எழுதிய ஆய்வுத் திட்டத்தோடு வீட்டுக்கு வந்தார். நுண்ணுயிரியல். 22 பக்கம், ஸ்பைரல் பைண்டிங். ஒரு சிவப்புப் பேனாவைக் கொடுத்து, "உங்க கைடை நீங்க சந்திச்சிருக்கவே இல்லைன்னாலும் எழுதியிருப்பீங்களே, அந்த வரிக்கு மட்டும் கோடு போடுங்கம்மா" என்றேன். அரை மணி நேரம் ஆனது, காபி ஆறிப்போனது. 17ஆம் பக்கத்தில் ஒரே ஒரு பத்திக்குக் கோடு விழுந்தது.

சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் மரவள்ளிக் கிழங்கை அரைத்து மாவுப்பால் எடுத்த பிறகு மிஞ்சும் திப்பியைக் களத்தில் காயப்போடுவார்கள். நடுவில் மழை பிடித்துக்கொண்டால் புளித்து நாறும். அப்படிப் புளிக்கும்போது முதலில் எந்தக் கிருமி குடியேறுகிறது, அதைத் துரத்திவிட்டு அடுத்து எது வருகிறது என்று நாள்வாரியாகப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் அந்தப் பத்தி. எங்கிருந்து வந்தது இது என்று கேட்டேன். "எங்கப்பா சேகோ மில்லுலதான் சார் வேலை பார்த்தாரு."

மீதி 21 பக்கத்தை ஓரமாக வைத்துவிட்டு, அந்தப் பத்தியை விரித்து எழுதச் சொன்னேன். கைடு நொதிகளில் வேலை செய்பவர், அவர் கற்றுக்கொடுத்த முறைகள் அப்படியே பயன்பட்டன. நிதி வந்ததா என்று கேட்பீர்கள். முடிவு இன்னும் வரவில்லை. ஆனால் இனி யாரும் அவரிடம் 'தொடர்ச்சிதானே' என்று கேட்க முடியாது.

நீங்களும் அந்தச் சிவப்புப் பேனாவை எடுங்கள். கூடவே, கைடு பெயர் இல்லாமல், சிறியதானாலும், நீங்களே கரஸ்பாண்டிங் ஆத்தராக, அதாவது கட்டுரைக்குப் பொறுப்பேற்று பதில் சொல்பவராக, ஒரு கட்டுரை எழுதிவிடுங்கள். ப்ரபோசலிலும் அவர் ஆய்வகம் எதைத் தொடர்கிறது, நான் எதை எடுத்துக்கொண்டேன் என்று நாலு வரி நேராகச் சொல்லிவிடுங்கள். பெரும்பாலான கைடுகள் அதைப் படித்துவிட்டுச் சந்தோஷமாகவே பரிந்துரைக் கடிதம் தருவார்கள்.

கேள்வி: எனக்கு 31 வயது. அரசு உதவிபெறும் கல்லூரியில் நிரந்தர வேலை கிடைத்து எட்டு மாதம் ஆகிறது. எங்கே நிதி கேட்பது? படிக அமைப்பைப் பார்க்கும் ஒரு எக்ஸ்-கதிர் டிஃப்ராக்டோமீட்டர் வாங்கிவிட முடியுமா?

ஆராய்ச்சிக்கு நிதி தரும் மத்திய அரசு அமைப்பாக முன்பு எஸ்.இ.ஆர்.பி. இருந்தது, அந்த இடத்தில் இப்போது ஏ.என்.ஆர்.எஃப். இருக்கிறது. 2023இல் வந்த சட்டத்தின்படி அமைக்கப்பட்டது. புதிதாக நிரந்தரப் பணியில் சேர்ந்தவர்களுக்கென்றே அதில் பிரதமர் பெயரில் ஓர் இளம் ஆராய்ச்சியாளர் நிதிநல்கை உண்டு, 3 வருடத்துக்கு 60 லட்சம். முன்பிருந்த ஸ்டார்ட்-அப் நிதிநல்கை 2 வருடத்துக்கு 30 லட்சம்தான். பணியில் சேர்ந்து நாளாகிவிட்டால் தகுதி போய்விடும், அதனால் இப்போதே எழுத ஆரம்பியுங்கள். நிரந்தர வேலை கிடைக்காத நண்பர்கள் யாராவது இருந்தால் மத்திய அரசின் இன்ஸ்பயர் ஃபேகல்டி ஃபெலோஷிப் பற்றிச் சொல்லுங்கள். அது 5 வருடம், சம்பளம் போக ஆராய்ச்சிக்கு வருடம் 7 லட்சம். பொதுவான வயது வரம்பு 32.

கருவியா? வேண்டாம். என் முதல் ப்ராஜெக்டில் ஆசை ஆசையாக ஒரு ஸ்பெக்ட்ரோமீட்டர் வாங்கினேன். ஒரு மே மாதம், வோல்டேஜ் ஏறி இறங்கியதில் விளக்கு போனது. புது விளக்குக்குப் பட்ஜெட்டில் தலைப்பே இல்லை. ஒரு வருடம் அது பச்சைத் துணி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பரிசோதனை அறைக்குள் நுழைபவர்கள் எல்லாம் அதன் மேல் பையை வைப்பார்கள். டிஃப்ராக்டோமீட்டர் என்றால் ஏ.சி. அறை, தடையில்லா மின்சாரம், வருடா வருடம் பராமரிப்பு ஒப்பந்தம், எல்லாம் சேர்ந்து உங்கள் நிதியை விழுங்கிவிடும். வெளியாட்களுக்கும் அளந்து தரும் கருவி மையமான சென்னை ஐ.ஐ.டி.யின் சைஃபுக்கு மாதிரியை அனுப்பிக் கட்டணம் கட்டி அளந்து வாங்கலாம். நாட்டில் எந்தக் கருவி எங்கே இருக்கிறது என்று பார்க்க ஐ-ஸ்டெம் இணையதளம் இருக்கிறது, 2020இல் தொடங்கினார்கள். மாதிரிக் கட்டணத்துக்கு ப்ரபோசலிலேயே தாராளமாக ஒதுக்குங்கள். மிஞ்சும் பணத்தில் ஒரு நல்ல ஆய்வு மாணவரை வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம், நிதியை எதற்குச் செலவழித்தீர்கள் என்று கணக்குக் காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ். மார்ச் 31க்குப் பிறகு பில்களைத் தேடி அலையாதீர்கள். கல்லூரிக் கணக்குப் பிரிவில் இருப்பவரை இப்போதே நண்பராக்கிக்கொள்ளுங்கள். ஆராய்ச்சியில் பாதி அவர் மேசையில்தான் நடக்கிறது.

கேள்வி: பத்து நாளில் கட்டுரையை வெளியிட்டுத் தருகிறோம், பணம் கட்டுங்கள் என்று ஒரு ஜர்னலிலிருந்து மெயில் வந்திருக்கிறது. கட்டலாமா?

கட்டாதீர்கள். பிஎச்.டி.க்குக் கட்டுரை வேண்டுமே என்ற பயத்தில் கட்ட நினைத்தால், அந்தப் பயமும் வேண்டாம். பிஎச்.டி. சமர்ப்பிக்கக் கட்டுரை கட்டாயம் என்ற விதியையே யு.ஜி.சி. 2022இல் எடுத்துவிட்டது. உங்கள் பல்கலைக்கழகம் தனியாக விதி வைத்திருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: அம்மாபேட்டையில் தறி வைத்திருக்கிறோம். மகள் பிஎச்.டி. சேர வேண்டும் என்கிறாள். ஐந்து வருடம் வீட்டிலிருந்து பணம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டுமா? (ஒரு தாய்)

நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை வாங்கிவிட்டால் வேண்டாம்மா. முதல் 2 வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. வீட்டு வாடகைப் படி தனி. ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள், மாதச் சம்பளம் மாதிரி ஒன்றாம் தேதி வராது. சில சமயம் நாலைந்து மாதப் பணம் சேர்ந்து வரும். அந்த இடைவெளிக்குக் கையில் கொஞ்சம் வைத்திருங்கள். எந்த உதவித்தொகையும் இல்லாமல் சேர்வதாக இருந்தால் நான் ஒரு வருடம் தள்ளிப்போட்டு, மறுபடி தேர்வு எழுதத்தான் சொல்வேன்.

கேள்வி: ஏற்காட்டில் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். எம்.எஸ்சி. தாவரவியல். பல்கலைக்கழகத் தொடர்பு எதுவும் இல்லை. ஆராய்ச்சி என்று நினைத்தாலே மலைப்பாக இருக்கிறது.

மலை மேலேயே இருந்துகொண்டு மலைப்பா? இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டம் உங்கள் ஊரில்தான் இருக்கிறது. தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. ஒரு சனிக்கிழமை போய்ப் பேசிவிட்டு வாருங்கள். மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சி ஃபெலோஷிப்பில் மாணவர்களோடு ஆசிரியர்களும் விண்ணப்பிக்கலாம், பள்ளி ஆசிரியர்களுக்கும் இடம் உண்டா என்று அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதம் ஒரு நல்ல ஆய்வகத்தில் உட்கார்ந்தால் மலைப்பு போய்விடும்.

கேள்வி: நான் கேட்பது மறுபக்கத்திலிருந்து. என்னிடம் படித்த மாணவர் என் தலைப்பையே எடுத்துக்கொண்டு தனியாகப் போகிறார். நான் கட்டிய ஆய்வகம் என்னாவது?

நியாயமான கவலைதான். பல கைடுகள் இதை வெளியே சொல்லமாட்டார்கள், நீங்கள் சொல்லிவிட்டீர்கள்.

சென்னைப் பல்கலைக்கழகம் இயற்பியல் துறைக்குத் தலைவர் தேடியபோது முதலில் சி.வி. ராமனைத்தான் கேட்டது. அவர் தன் மாணவர் ஜி.என். ராமச்சந்திரனைக் கைகாட்டினார். 1952இல் பொறுப்பேற்றபோது ராமச்சந்திரனுக்கு 30 வயது நிறையவில்லை. அதுவரை படிகங்களிலும் ஒளியியலிலும் வேலை செய்தவர், சென்னையில், தோலிலும் தசைநாணிலும் இருக்கும் கொலாஜன் என்ற புரதத்தைக் கையிலெடுத்தார். அங்கிருந்த தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து கங்காருவின் வால் தசைநாண் கிடைத்தது. 1954இல் கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து அந்தப் புரதத்தின் அமைப்பை வெளியிட்டார். ராமன் எதையும் இழக்கவில்லை.

மாணவர் கிளம்புவதற்கு ஒரு வருடம் முன்பே இருவரும் உட்கார்ந்து, எது உங்களுக்கு, எது அவருக்கு என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், சொத்துப் பாகப்பிரிவினை மாதிரி. கடைசி ஆறு மாதம் பட்ஜெட்டை அவரையே போடவிடுங்கள், தப்பு வந்தால் வரட்டும். கருத்தரங்குக்கும் தனியாக அனுப்புங்கள். நீங்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தால், மேடையில் நிற்பவரை விட்டுவிட்டு உங்களைப் பார்த்துத்தான் எல்லோரும் கேள்வி கேட்பார்கள்.