வாகனக் கேள்வி–பதில்: பிரேக் ஆயிலை வீட்டிலேயே மாற்றலாமா?

கேள்வி: ஐயா, 2017-ஆம் ஆண்டு வாங்கிய என் 150 சி.சி. பைக் இதுவரை 22,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. போன மாதம் கொல்லிமலைக்குப் போய்த் திரும்பி இறங்கும்போது, பாதி மலையில் முன் டிஸ்க் பிரேக் லிவர் கைப்பிடியைத் தொடும் அளவுக்கு உள்ளே போய்விட்டது. பயந்துபோய் வண்டியை ஓரங்கட்டி அரை மணி நேரம் நிறுத்தி வைத்தேன். பிறகு எதுவுமே நடக்காதது போலப் பிரேக் பிடித்தது. பேடு புதியதுதான். ஆனால் ஆயில் டப்பாவின் கண்ணாடி வழியாகப் பார்த்தால் காபி டிக்காஷன் நிறத்தில் இருக்கிறது. வாங்கிய நாள் முதல் ஆயிலை மாற்றியதாக நினைவில்லை. இதை வீட்டிலேயே மாற்ற முடியுமா?
— மன்னார்குடி வாசகர்

பதில்: மாற்ற முடியும். ஆனால் மலையில் என்ன நடந்தது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். சூடேறியபோது லிவர் தளர்ந்தது, ஆறியதும் தானே சரியாயிற்று என்ற இரண்டு விவரங்களும் ஒரே காரணத்தையே காட்டுகின்றன: காலிப்பருக்குள் (பேடுகளால் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) இருந்த ஆயில் கொதித்திருக்கிறது. திரவம் அழுத்தினால் சுருங்காது. அதனால்தான் உங்கள் விரல் கொடுக்கும் அழுத்தம் அப்படியே பேடுக்குப் போய்ச் சேருகிறது. கொதித்து ஆவியானால் அந்த ஆவி பஞ்சைப் போலச் சுருங்கும். லிவர் வரும், பிரேக் வராது.

பிரேக் ஆயில் என்று நாம் அழைத்தாலும் அது எண்ணெய் அன்று; கிளைக்கால் வகையைச் சேர்ந்த, ஈரத்தை உறிஞ்சும் திரவம். மூடியின் இடுக்கு வழியாகவும் ரப்பர் ஹோஸின் சுவர் வழியாகவும் காற்றிலுள்ள ஈரம் அதற்குள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே இருக்கும். பிரேக் ஆயிலின் தர வகைகளில் ஒன்றான டாட் 4-இன் கொதிநிலை, புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தரக் கணக்கு, அதில் 3.7 சதவீத அளவுக்கு நீர் சேர்ந்துவிட்டால் 155 டிகிரி வரை இறங்கலாம். டாட் 3 வகைக்கு இவை முறையே 205, 140 டிகிரி. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் முன் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினால், பழைய ஆயில் கொதிநிலையைத் தொட்டுவிடும். (அடுத்த முறை இரண்டாவது கியரிலேயே இறங்குங்கள், பாதி வேலையை எஞ்சின் பார்த்துக்கொள்ளும்.)

மன்னார்குடியிலிருந்து திருத்துறைப்பூண்டி வரை போய்வந்தாலும் பாலத்து ஏற்றத்தைத் தவிர வேறு மேடு கிடையாது என்பதால், டெல்டாவில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஆயில் கெட்டுப்போனது தெரியவே தெரியாது. கொதிக்காவிட்டாலும் அந்த ஈரம் சும்மா இருப்பதில்லை. பிஸ்டனிலும், லிவரை அழுத்தும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் உட்சுவரிலும் அரிப்பை உண்டாக்குகிறது. ஆகவே கிலோமீட்டர் கணக்கைப் பார்க்காதீர்கள். இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை, வண்டி திண்ணையிலேயே நின்றிருந்தாலும், மாற்றிவிட வேண்டும்.

இனி செய்முறை. மழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகையில் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்வதில் பொருளில்லை; நல்ல வெயில் நாளாகப் பாருங்கள். வண்டியின் டப்பா மூடியிலேயே எந்த வகை ஆயில் என்று அச்சிட்டிருக்கும். அந்த வகையில் சீல் உடைக்காத பாட்டில் ஒன்று, 8 மி.மீ. ரிங் ஸ்பேனர் (சில வண்டிகளில் 10 மி.மீ.), மீன்தொட்டிக்கு விற்கும், உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாய் இரண்டு அடி, ஊசி இல்லாத சிரிஞ்ச், பழைய துணி, ஒரு வாளித் தண்ணீர் ஆகியவை போதும். தண்ணீர் எதற்கென்றால், இந்த ஆயில் பெயின்டைத் தின்றுவிடும். பல ஆண்டுகளுக்கு முன் என் சொந்த வண்டியின் டேங்கில் விழுந்த ஒரு சொட்டை இரவில் கவனிக்காமல் விட்டுவிட்டேன். காலையில் அந்த இடம் வெந்த தோல் போலச் சுருங்கியிருந்தது. அன்றிலிருந்து டேங்கின் மேல் ஈரத் துணியைப் போர்த்தாமல் நான் மூடியைத் திறப்பதே இல்லை. எங்கே சிந்தினாலும் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட வேண்டும்.

டப்பா மட்டமாக இருக்கும்படி ஹேண்டில்பாரைத் திருப்பிக்கொள்ளுங்கள். மூடியின் ஸ்க்ரூக்கள் மென்மையானவை. பொருந்தாத ஸ்க்ரூடிரைவரைப் போட்டால் தலை தேய்ந்துவிடும். பொருத்தமான ஸ்டார் ஸ்க்ரூடிரைவரை வைத்து அதன் பின்புறத்தில் லேசாக ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் திருப்பினால் இளகும். பழைய ஆயிலைச் சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துவிட்டு, அடியில் படிந்திருக்கும் கருமையான வண்டலைத் துணியால் துடையுங்கள். பிறகு புதிய ஆயிலை மேல்கோடு வரை ஊற்றி, மூடியைச் சும்மா மேலே வைத்துவிடுங்கள். லிவரைச் சட்டென்று விட்டால் உள்ளிருக்கும் சிறு துளை வழியாக ஆயில் பீச்சியடிக்கும்.

கீழே காலிப்பரில் ரப்பர் தொப்பி போட்டிருக்கும் நிப்பிளில் (ஆயிலை வெளியேற்றும் திருகு) முதலில் ஸ்பேனரை மாட்டி, அதன் பிறகு குழாயைச் செருகுங்கள். குழாயின் மறுமுனை, சிறிது புதிய ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் மூழ்கியிருக்க வேண்டும். மேலே ஒருவர், கீழே ஒருவர் என்று இரண்டு பேர் இருந்தால் வேலை சுலபம். மேலிருப்பவர் லிவரை மெதுவாக அழுத்திப் பிடித்து, ‘பிடிச்சிருக்கேன்’ என்று சொல்ல வேண்டும். கீழிருப்பவர் நிப்பிளைக் கால் சுற்று திறக்க, லிவர் கைப்பிடி வரை இறங்கும்; அது அங்கேயே இருக்கும்போது நிப்பிளை மூடிவிட வேண்டும். மூடிய பிறகுதான் லிவரை விட வேண்டும். இந்த வரிசை மாறினால் வெளிக்காற்று உள்ளே போய்விடும். ஐந்து தடவைக்கு ஒரு முறை டப்பாவைப் பாருங்கள். கீழ்க்கோட்டுக்குக் கீழே இறங்க விடாதீர்கள். இந்த வேலையில் நடக்கும் தவறுகளில் முக்கால்வாசி, கீழே நிறம் மாறுவதையே வேடிக்கை பார்த்துக்கொண்டு மேலே டப்பா வறண்டுபோனதைக் கவனிக்காமல் விடுவதால்தான்.

வேடிக்கை பார்க்கத் தோன்றும் காட்சிதான் அது. முதலில் டிக்காஷன் வரும். பிறகு நீர்த்த தேநீர். அதற்கும் பிறகு, கலங்கலுக்குப் பின்னால் வெளிறிய மஞ்சள் நிறத்தில் தெளிந்த ஆயில் குழாயில் ஏறி வரும். குமிழி இல்லாமல் அந்தத் தெளிவு வந்த பிறகும் நான்கைந்து தடவை கூடுதலாக ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். ஒரு பக்கப் பிரேக்குக்கு 100 மி.லி. அளவு போதும். நிப்பிள் உள்ளீடற்றது, ஒடியக்கூடியது; ஸ்பேனரின் நுனியைப் பிடித்து இழுக்காமல் நடுவில் பிடித்து இறுக்குங்கள். டப்பாவை மேல்கோட்டைத் தாண்டி நிரப்ப வேண்டாம். சூட்டில் விரியும் ஆயிலுக்கு இடம் இல்லாவிட்டால் பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும்.

சாலையில் இறங்கும் முன் வண்டியைத் தள்ளிக்கொண்டே பிரேக்கைப் பிடித்துப் பாருங்கள். லிவர் கல்லைப் போல நிற்க வேண்டும். லிவரை இரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்தபடியே நிப்பிள் ஓரத்தில் கசிவு இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். இதில் ஏதேனும் ஒன்று சந்தேகமாக இருந்தால், வண்டியை ஓட்டிக்கொண்டு பட்டறைக்குப் போகாதீர்கள். மெக்கானிக்கை வீட்டுக்கு வரவழையுங்கள்.

கேள்வி: நீங்கள் சொல்லும் முறையில்தான் செய்தேன். புதிய ஆயில் வந்துவிட்டது. ஆனாலும் லிவர் பஞ்சு போலவே இருக்கிறது. குழாயில் குமிழி நிற்கவே இல்லை.
— பாபநாசம் வாசகர்

பதில்: குமிழி நிற்காமல் வந்துகொண்டே இருந்தால், அது பெரும்பாலும் உள்ளிருந்து வருவது அன்று. திறந்திருக்கும் நிப்பிளின் மரை வழியாக வெளிக்காற்று உறிஞ்சப்பட்டுக் குழாயில் குமிழியாகத் தெரிகிறது. நீங்கள் நாள் முழுவதும் அடித்தாலும் அது தீராது. நிப்பிளைக் கால் சுற்றுக்கு மேல் திறக்காமல் செய்துபாருங்கள்.

லிவர் பஞ்சு போல இருப்பதற்கு, மேலே மாஸ்டர் சிலிண்டரிலிருந்து ஹோஸ் புறப்படும் வளைவில் காற்று தங்கியிருப்பதும் காரணமாக இருக்கலாம். காற்று மேல்நோக்கிப் போகும் பொருள். அதைக் கீழ்நோக்கித் தள்ளி வெளியேற்றப் பார்க்கிறோம். லிவரைப் பழைய சைக்கிள் டியூப் துண்டால் கைப்பிடியோடு சேர்த்துக் கட்டி ஓர் இரவு விட்டுவிட்டு, காலையில் அவிழ்த்துப் பாருங்கள். பல வண்டிகளில் இதுவே தீர்வாகிவிடுகிறது. அப்படியும் சரியாகாவிட்டால், சிரிஞ்சில் புதிய ஆயிலை நிரப்பி நிப்பிள் வழியாகக் கீழிருந்து மேலாக மெதுவாக ஏற்றலாம். அப்போது டப்பா நிரம்பி வழியாமல் பார்த்துக்கொள்ள ஒருவர் மேலே வேண்டும். லிவர் முதலில் கெட்டியாக நின்று, பிடித்தபடியே இருக்கும்போது மெல்ல மெல்ல உள்ளே இறங்கினால், வெளியே எங்கும் கசிவும் இல்லையென்றால், கோளாறு மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் வாஷரில் இருக்கிறது. அதற்குக் கிட் மாற்ற வேண்டும்.

கேள்வி: லோடு ஆட்டோவுக்கு வாங்கிய பிரேக் ஆயில் அரை பாட்டில் வீட்டில் இருக்கிறது. பைக்குக்கு ஊற்றலாமா?
— திருவாரூர் வாசகர்

பதில்: என்றைக்குத் திறந்த பாட்டில் என்று நீங்கள் எழுதவில்லை. திறந்து மாதக்கணக்கில் ஆகியிருந்தால், நீங்கள் வெளியே எடுக்கப்போகும் ஆயிலுக்கும் உள்ளே ஊற்றப்போகும் ஆயிலுக்கும் பெரிய வேறுபாடு இருக்காது. டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் ஒரே குடும்பம். டாட் 5 மட்டும் சிலிக்கான் வகை, அதை இவற்றோடு கலக்கவே கூடாது. எஞ்சின் ஆயில், மண்ணெண்ணெய், பெட்ரோல் ஆகியவற்றில் ஒரு துளி போனாலும் உள்ளிருக்கும் ரப்பர் ஊதிக் கெட்டுவிடும்.

கேள்வி: கடற்கரை ஓரம் வீடு. நிப்பிள் துருப்பிடித்து அசைய மறுக்கிறது.
— நாகப்பட்டினம் வாசகர்

பதில்: உப்புக் காற்று படும் ஊரில் ரப்பர் தொப்பி தொலைந்த நிப்பிளுக்கு இதுதான் கதி. பேடுகளைக் கழற்றித் தனியே வைத்துவிட்டு, துரு இளக்கும் ஸ்பிரேயை மரை ஓரத்தில் மட்டும் படும்படி முதல் நாள் இரவே அடித்து வையுங்கள். பேடில் அது பட்டால் பேடைத் தூக்கிப்போட வேண்டியதுதான். டிஸ்க்கிலும் படக்கூடாது. மறுநாள் ஆறு முனை ரிங் ஸ்பேனரை முழுமையாக மாட்டி, முதலில் இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை அசைத்துவிட்டுப் பிறகு தளர்த்துங்கள். அப்போதும் அசையாவிட்டால் பலத்தைக் காட்டாமல் காலிப்பரைக் கழற்றி லேத் பட்டறைக்குக் கொண்டுபோவதே மலிவு.

கேள்வி: என் வண்டியில் ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) இருக்கிறது. நானே மாற்றலாமா?
— குத்தாலம் வாசகர்

பதில்: 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகள் எல்லாவற்றிலும் ஏ.பி.எஸ். கட்டாயம் என்பதால் இந்தக் கேள்வி இனி அடிக்கடி வரும். டப்பா வறண்டுபோகாத வரை, ஆயில் மாற்றுவது மேலே சொன்ன முறைதான். வறண்டு, காற்று ஏ.பி.எஸ். பெட்டிக்குள் நுழைந்துவிட்டால், அதன் வால்வுகளை இயக்கிக் காற்றை வெளியேற்றும் கருவி சர்வீஸ் சென்டரில்தான் இருக்கும். முதல் தடவை செய்கிறவர் ஏ.பி.எஸ். வண்டியில் கை வைக்க வேண்டாம் என்பது என் கருத்து.

கேள்வி: எடுத்த பழைய ஆயிலை என்ன செய்வது? வாசலில் வாய்க்கால் ஓடுகிறது.
— வலங்கைமான் வாசகர்

பதில்: வாய்க்காலில் மட்டும் ஊற்றாதீர்கள். இது நஞ்சு, தண்ணீரில் மிதக்காமல் கரைந்துவிடுவதால், கலந்ததே கண்ணுக்குத் தெரியாது. மூடி உள்ள பாட்டிலில் அடைத்து, பெயர் எழுதி, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைத்திருந்து, கழிவு ஆயில் சேகரிக்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்க வேண்டாம். நிறம் அதே நிறம்தான்.