மதிலோரம் தானாக முளைத்த செடி எது?

கேள்வி: மதிலோரம் யாரும் நடாத ஒரு செடி புதராக இடுப்பளவு வளர்ந்துவிட்டது. இலை சொரசொரப்பு. ஒரே கொத்தில் மஞ்சள் பூவும் இளஞ்சிவப்புப் பூவும் இருக்கின்றன. பச்சைக் காய்களும் பிடித்திருக்கின்றன. என்ன செடி? வைத்துக்கொள்ளலாமா?

பதில்: நீங்கள் சொல்வது உண்ணிச்செடிக்குப் பொருந்துகிறது. ஆனாலும் பூவை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள். எந்தச் செடியானாலும் நான் முதலில் பார்ப்பது இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தைத்தான். அந்த இடுக்கில் ஒரு சின்ன மொட்டு இருக்கும். அதற்கு வெளியே காம்பிலிருந்து நுனிவரை இருப்பது முழுக்க ஒரே இலை. நொச்சியில் மூன்று இலை, ஐந்து இலை என்று எண்ணுகிறோமே, அவை உண்மையில் ஒரே இலையின் பிரிவுகள். உண்ணியில் அப்படிப் பிரிவு கிடையாது. ஓரம் பல்பல்லாக, இரண்டிரண்டு இலைகள் எதிரெதிரே நிற்கும். இலைகள் மாறிமாறி அமைந்திருந்தால் அது உண்ணி இல்லை.

அடுத்து, இளந்தண்டை விரலுக்கிடையில் உருட்டுங்கள். நான்கு விளிம்புகள் தட்டுப்படும். துளசித் தண்டும் சதுரம்தான், ஆனால் அதில் முள் இருக்காது. உண்ணித் தண்டில் பெரும்பாலும் கீழ்நோக்கி வளைந்த சிறு முட்கள் இருக்கும். இலையைக் கசக்கினால் காரமான நெடி அடிக்கும். கிள்ளும்போது வெள்ளைப் பால் வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். அது வேறு செடி. எருக்கு, கள்ளி போன்றவற்றின் பால் கண்ணில் பட்டால் பெரிய ஆபத்து.

இரண்டு நிறத்துக்குக் காரணம் பூவின் வயது. மஞ்சளாக விரியும் பூ, மகரந்தச் சேர்க்கை முடிந்ததும் நிறம் மாறுகிறது. கொத்தின் நடுவில் இருப்பவை புதியவை, ஓரத்தில் இருப்பவை பழையவை. அழகான ஏற்பாடுதான். ஆனாலும் வீட்டில் சிறுபிள்ளைகளோ ஆடுமாடுகளோ இருந்தால் இதை எடுத்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன். பச்சைக் காய் நச்சுத்தன்மை உள்ளது. இலையைத் தின்ற மாடுகளுக்குக் கல்லீரல் கெட்டு, வெயில் பட்ட இடமெல்லாம் தோல் புண்ணாகும். பழுத்துக் கறுத்த பழத்தைப் பறவை தின்கிறதே என்று நம்பி வாயில் போட வேண்டாம். பிள்ளை காயைத் தின்றுவிட்டால் காத்திருக்காமல், ஒரு கிளையையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.

வெட்டினால் மட்டும் போதாது, அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும். காய் பழுப்பதற்குள், மழை பெய்து மண் இளகிய நாளில், கையுறை போட்டுக்கொண்டு வேரோடு தோண்டி எடுங்கள்.