வாசகர் கேள்விகள்: சயாம் ரயிலுக்குப் போனவர்கள்

பட்டுக்கோட்டை வாசகி: என் தாத்தாவின் அண்ணன் மலாயாவில் ரப்பர் தோட்டத்தில் இருந்தவர். சப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு (இன்றைய தாய்லாந்துக்கு) ரயில் போடப் போனவர் திரும்பவே இல்லை. காஞ்சனபுரி போர்க் கல்லறையில் தேடினால் அவர் பெயர் கிடைக்குமா?

கிடைக்காது அம்மா. இதைச் சொல்ல மனசு வரவில்லை, ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். அங்கே அடக்கமாகி இருக்கும் ஏறக்குறைய 7,000 பேரும் இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரிடம் பிடிபட்ட போர்க் கைதிகள், அனேகமாக எல்லோரும் பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுச் சிப்பாய்கள். சயாமிலிருந்து பர்மாவுக்கு ஜப்பானியர் போட்ட அந்த ரயில் பாதையில் வேலை செய்த கைதிகள் சுமார் 60,000 பேர், அதில் 12,000க்கு மேல் இறந்தார்கள். தோட்டத் தமிழர்கள், பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர் என்று கொண்டுபோகப்பட்ட கூலிகளோ 1,80,000 முதல் 2,50,000 வரை இருக்கலாம் என்பது மதிப்பீடு. செத்தவர்கள் 90,000 பேர் அளவுக்கு. தனிக் கல்லறை என்று இவர்களுக்கு எதுவும் இல்லை.

இத்தனைக்கும் இரண்டு கூட்டமும் ஒரே காட்டில்தான் கிடந்தது. கைதிகளுக்குச் சோறும் மருந்தும் கிடைக்கவில்லை, அடி கிடைத்தது, ஆனால் அவர்களோடு அவர்கள் படையின் மருத்துவர்களும் அதிகாரிகளும் இருந்தார்கள். தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்காதே, கக்கூஸுக்குக் குழி வெட்டு என்று கண்டித்துச் சொல்ல ஆள் இருந்தது, யார் எங்கே புதைக்கப்பட்டார் என்று ரகசியமாக எழுதி ஒளித்து வைக்கவும் ஆள் இருந்தது. போர் முடிந்ததும் அந்தக் குறிப்புகளை வைத்துத்தான் கல்லறைகளைத் தேடி எடுத்தார்கள். நம் ஆட்கள் குடும்பம் குடும்பமாகக்கூடப் போனவர்கள், மருத்துவர் கிடையாது, கணக்கு எழுத ஆள் கிடையாது. 1943 மழைக்காலத்தில் காலரா வந்தபோது கூலி முகாம்களில் கொத்துக் கொத்தாகச் செத்து ஒரே குழியில் போனார்கள்.

அவர்கள் ஏன் போனார்கள் என்று கேட்பீர்கள். போரில் ரப்பர் வாங்க ஆளில்லை, ரப்பர் மரத்தில் பால் எடுக்கும் வேலை நின்றுபோனது, அரிசி இல்லாமல் மரவள்ளிக்கிழங்கில் காலம் ஓடியது. அந்த நேரத்தில் நாளுக்கு ஒரு வெள்ளி (மலாயா டாலர்) சம்பளம், மூன்றே மாதம், வந்துவிடலாம் என்று சொன்னால் யார்தான் போகமாட்டார்கள்? அப்படியும் ஆள் போதாதபோது தோட்டங்களில் புகுந்து பிடித்துப்போனார்கள். சரக்குப் பெட்டியில் அடைத்து சயாமில் பான்பொங் வரை ரயில், அப்புறம் காட்டுக்குள் நடை.

திருச்சி வாசகர்: காட்டையும் மலையையும் குடைந்து அவ்வளவு அவசரமாக ஒரு ரயில் எதற்கு? தண்டவாளத்துக்கு எங்கே போனார்கள்?

பர்மாவில் இருந்த ஜப்பானியப் படைக்குச் சாமான் அனுப்பத்தான். கடல் வழியாக மலாயாவைச் சுற்றி மலாக்கா நீரிணையில் போனால் எதிரியின் நீர்மூழ்கிகள் கப்பலை மூழ்கடித்துவிடும். அதனால் பான்பொங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர் மீட்டர் கேஜ் பாதை. 1942ல் இரண்டு முனையிலிருந்தும் ஆரம்பித்து 1943 அக்டோபர் 17ல் கொங்கொய்தா என்ற இடத்தில் இணைத்துவிட்டார்கள். தண்டவாளத்தில் கணிசமான பங்கு மலாயாவின் கிழக்குக் கரை ரயில் பாதையைப் பெயர்த்து எடுத்தது. ஆளும் இரும்பும் ஒரே நாட்டிலிருந்து போயின என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு கனக்கும்.

மதுரை வாசகர்: இப்போது போய்ப் பார்க்க முடியுமா?

முடியும். காஞ்சனபுரியிலிருந்து 'நாம் தோக்' என்ற ஊர் வரை இன்றும் பயணிகள் ரயில் ஓடுகிறது, அதற்கு அந்தப் பக்கம் உள்ள பாதையைப் போருக்குப் பின் பெயர்த்துவிட்டார்கள். ஆற்றை ஒட்டிப் பாறைச் சரிவில் மரத்தூண்கள் மேல் ரயில் ஊர்ந்துபோகும் இடத்தைக் கட்டாயம் பாருங்கள். காஞ்சனபுரி ஊருக்குள் வாட் தாவோர்ன் கோயில் வளாகத்தில் நம்மவர்களுக்காக அண்மையில் ஒரு நடுகல் வைத்திருக்கிறார்கள், அங்கேயும் கொஞ்ச நேரம் நில்லுங்கள். அப்புறம் அந்த ரயில் பாதை ஆற்றைக் கடக்கும் பெரிய பாலத்துக்குப் பக்கத்தில், 1944ல் ஜப்பானியப் படையே எழுப்பிய நினைவுத்தூண் ஒன்று உண்டு. அதில் பல மொழிக் கல்வெட்டுகளுக்கு நடுவில் தமிழும் இருக்கிறது. பட்டுக்கோட்டை அம்மா, உங்கள் பெரிய தாத்தா பெயர் அதிலும் இருக்காது. ஆனால் போனால் ஒரு பூ வைத்துவிட்டு வாருங்கள்.