எக்ஸ்-மென் காமிக்ஸை 1-ஆம் இதழில் தொடங்கியும் தலைகால் புரியலையா?

முனீஸ்வரன் கோயில் தெருவில் ரெண்டு 1-ஆம் நம்பர் இதழ் வாங்கினேன், கதை புரியலைன்னு கேட்டிருந்தீங்க. ரெண்டும் 1991-இல் வந்த ஒரே இதழ்தான். அட்டை மட்டும் வேற. (அடுத்தடுத்த அட்டைகள்னா ஒட்டி வைங்க, படம் சேரும்.) 1963-லேர்ந்து ஓடுற கதையோட நடுப்பகுதி அது, அதான் குழப்பம்.

1975-இல் வந்த ஜெயன்ட்-சைஸ் எக்ஸ்-மென் 1-ஐ எடுங்க. ஸ்டார்ம், நைட்கிராலர் மாதிரி நாயகர்கள் அறிமுகமாவது அதில்தான். அடுத்து 1963-இல் தொடங்கின பழைய தொடரின் 94-ஆம் இதழ் முதல் வரிசையா. எழுத்தாளர் கிறிஸ் கிளேர்மான்ட்டோட எழுத்து அங்கேதான் ஆரம்பம். 67–93 மறுபதிப்புக் கதைகள், காசைக் கொட்டாதீங்க.

நேரா 'டார்க் ஃபீனிக்ஸ்' கதைக்கு (இதழ் 129–138) தாவச் சொல்வாங்க, கேட்காதீங்க. 101-ஆம் இதழில் நாயகி ஜீன் ஃபீனிக்ஸா எழுவதைப் படிக்காட்டி அந்த முடிவு உறைக்காது.

தொகுப்பா வாங்குங்க, உள்ளே 'ஜெயன்ட்-சைஸ் 1, 94' இருக்கான்னு பார்த்துட்டே பணம் கொடுங்க.